புக் திறப்பதற்கு முன்பே போங்கள்

(கரு கலைந்த பிறகு என்ன செய்வது என்பது பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ஜுருவைச் சேர்ந்த ஓய்வு பெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. பிறை, ஜுரு பக்கம் பல வருடம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்த்த மிஸ்ஸி. ஆட்டோ சிட்டி வருவதற்கு முன்பு இருந்த ஜுருவையும் எனக்குத் தெரியும், இப்போது இருக்கும் ஜுருவையும் தெரியும். பால்மரம் வெட்டியவர்களின் பேத்திகள் இன்று தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தாதி போவாள். பிள்ளை தங்காத வீட்டுக்கு என்ன போகிறது தெரியுமா? ஆலோசனைதான் போகிறது. 'மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனாயே, அதனால்தான்', 'பப்பாளி தின்றாயா?', 'யார் கண் பட்டதோ', 'சீக்கிரம் அடுத்ததைப் பெற்றுக்கொள், எல்லாம் மறந்துவிடும்'.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். யார் என்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முப்பது வயது நெருங்குகிறது. இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. மூன்றாம் தடவை உண்டானதும், கிளினிக்கில் அந்தப் பிங்க் நிறப் புத்தகத்தைத் திறக்க வந்தாள். அப்போது 11 வாரம். இரத்தத்தைச் சோதித்தால் இனிப்பு நீர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. கணக்கு 10க்கும் மேலே. 'எத்தனை நாளாம்மா இருக்கிறது?' என்று கேட்டேன். 'எனக்கா? என் அம்மாவுக்குத்தானே இருக்கிறது' என்றாள். அந்தப் பிள்ளையும் தங்கவில்லை.

முதல் இரண்டும் இனிப்பு நீரால்தான் போயின என்று நான் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டாவது போன பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கர்ப்பம் இல்லாத நேரத்தில் அவள் இரத்தத்தை யாராவது பார்த்திருந்தால் மூன்றாவது அப்படித் தொடங்கியிருக்காது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மொத்தத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியவில்லை.

ஏன் முன்பே போக வேண்டும்? பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. இருதயமும் அந்தச் சமயத்தில்தான் உருவாகத் தொடங்குகிறது. நீங்கள் நாள் தள்ளிப்போனதை உணர்ந்து, மருந்துக் கடையில் சோதனைக் குச்சி வாங்கி, மாமியாரிடம் சொல்லி, லீவு எடுத்துக் கிளினிக்குக்கு வருவதற்குள் அந்த வேலை முடிந்துவிடுகிறது. போலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான். பொதுவாக நாளுக்கு 400 மைக்ரோகிராம். இனிப்பு நீர் உள்ளவருக்கும், முன்பு தண்டுவடக் குறையோடு பிள்ளை உண்டானவருக்கும் டாக்டர் 5 மில்லிகிராம் தருவார்.

என்னிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. 'எத்தனை மாதம் பொறுக்கணும் மிஸ்ஸி?' நானும் ரொம்ப காலம் ஆறு மாதம் என்றுதான் சொன்னேன். உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் கூட்டிய நிபுணர் குழு அப்படித்தான் சொன்னது. பிறகு ஸ்காட்லாந்தில் 30,000க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் மறுபடி உண்டானவர்களுக்குக் கெடுதல் இல்லை, கரு கலைவது அவர்களிடம் குறைவாகவே இருந்தது என்று 2010இல் வெளியிட்டார்கள். 2022இல் நார்வே ஆய்வும் அதே பக்கம் நின்றது. ஆகவே, சாதாரணமாக ஆரம்ப வாரங்களில் கலைந்து, உடம்பும் நன்றாக இருந்தால், இரத்தப்போக்கு நின்று ஒரு தடவை மாதவிலக்கு வந்து மனமும் தயாரான பிறகு முயற்சி செய்யலாம் என்றே இப்போது பல டாக்டர்கள் சொல்கிறார்கள். நான் சொன்னது மாறிவிட்டது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தாது. முத்துப்பிள்ளை என்கிறோமே, மலாய்க்காரர்கள் 'ஹாமில் அங்கூர்' என்பார்கள், கரு சரியாக வளராமல் திராட்சைக் கொத்து மாதிரி ஆவது. அதைச் சுத்தம் செய்த பிறகு ஹார்மோன் அளவு இறங்கி, அப்படியே நிற்கிறதா என்று இரத்தத்தில் தொடர்ந்து பார்க்க வேண்டும். அது முடியும் முன் மறுபடி உண்டானால், நோய் திரும்புகிறதா, புதுக் கர்ப்பமா என்று பிரித்தறிய முடியாது. நோய் புற்றாக மாறுகிற அபாயமும் உண்டு. கரு குழாயில் தங்கி, அதற்கு மெத்தோடிரெக்சேட் ஊசி போட்டவர்கள் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஆபரேஷன் செய்து எடுத்தவர்கள், ஆறு ஏழு மாதத்தில் பிள்ளையை இழந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் கணக்கு வேறு. உங்களுக்கு நடந்தது எது என்று தெரியாமல் பக்கத்து வீட்டு அக்காவின் மாதக் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். 'என்னம்மா ஆச்சு?' என்று கேட்டால் 'சுத்தம் பண்ணிட்டாங்க' என்பார்கள். எத்தனை வாரம்? தெரியாது. ஸ்கேனில் இருதயத் துடிப்பு தெரிந்ததா? தெரியாது. வெளியாகும்போது தந்த காகிதம் எங்கே? 'அதைப் பார்த்தாலே அழுகை வருது, கிழிச்சுப் போட்டுட்டேன்.' நான் அவளைத் திட்ட முடியுமா? முடியாது. ஆனால் அந்தக் காகிதத்தை அம்மாவிடமோ அக்காவிடமோ கொடுத்து வையுங்கள். அடுத்த டாக்டருக்கு அதுதான் கண். சாப்பிடும் மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்புரோவேட், சில இரத்த அழுத்த மாத்திரைகள், இவை கருவுக்கு ஆகாதவை. அதற்காக நீங்களே நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும். மாற்றித் தருவது டாக்டர் வேலை.

குற்ற உணர்ச்சியோடு வரும் பெண்களுக்கு ஒன்று. ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில், கருவின் குரோமோசோம் கணக்கே தப்பாக இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு தடவை கலைந்தால் பெரும்பாலும் பெரிய சோதனை தேவைப்படாது, பேசித் தெளிந்தால் போதும். 2021இல் லான்செட் இதழில் எழுதிய நிபுணர்கள், முதல் இழப்புக்குப் பிறகே ஆலோசனை, இரண்டாவதுக்குப் பிறகு இரத்தச் சோதனைகளோடு ஒரு சந்திப்பு, மூன்றாவதுக்குப் பிறகு சிறப்பு மருத்துவர் என்று படிப்படியாகச் செய்யச் சொன்னார்கள். மூன்று வரை காத்திருக்கச் சொல்லும் பழக்கம் சரியில்லை என்பது என் எண்ணமும் கூட.

சோதனையால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். இரத்தம் உறையும் கோளாறு ஒன்று, ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம் என்று பெயர். திரும்பத் திரும்பக் கரு கலைந்த அப்படிப்பட்ட பெண்களில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 விழுக்காட்டினரும், ஹெப்பாரின் ஊசியும் சேர்த்து எடுத்தவர்களில் 71 விழுக்காட்டினரும் பிள்ளை பெற்றார்கள் என்று 1997இல் லண்டன் ஆய்வு காட்டியது. காரணமே கிடைக்காத பெண்களும் நிறைய. அவர்களில் பெரும்பாலோர் பின்னால் நல்லபடியாகப் பெற்றுக்கொள்கிறார்கள்.

கணவர்மார்களே, நீங்களும் கூட வாருங்கள். வெளியே காரில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பதற்கு இல்லை. (சிரிப்பு) உங்கள் சிகரெட்டைப் பற்றியும் உள்ளே பேச வேண்டியிருக்கிறது.

லீவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரசவ லீவு 2023 முதல் 98 நாள். ஆனால் வேலைச் சட்டத்தின்படி 22 வாரம் ஆன பிறகு நடப்பதுதான் பிரசவம். பிள்ளை உயிரோடு பிறக்காவிட்டாலும் அந்த லீவு உண்டு. அதற்கு முன் கலைந்தால் மருத்துவ விடுப்புதான். இரண்டு நாளில் நைட் ஷிப்ட்டுக்குத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அதனால் எம்.சி. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

நான் சொன்ன பெண் நான்காம் தடவைக்கு முன்பே வந்தாள். எச்.பி.ஏ.1.சி. 6.5க்குக் கீழே இறங்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் கருத்தடை முறையில் இருந்தாள். மாமியார் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கிலேயே இந்தச் சேவை இருக்கிறது. தேவைப்பட்டால் அவர்களே செபராங் ஜெயா போன்ற மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். கவுண்டரில் 'பிரா கெஹாமிலான்' என்று சொல்லுங்கள். எத்தனை வாரக் கர்ப்பம் என்று தவறிக் கேட்டாலும் கேட்பார்கள். இன்னும் இல்லை, அதற்காகத்தான் வந்தேன் என்று சொல்லுங்கள்.