வானத்து வெளிச்சமும் நம் பதற்றமும்

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் பெண் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் வளர்ந்தது ஜொகூர், பண்டார் தெங்காரா பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். ஒரு வாரமாக, பொழுது சாய்ந்ததும் மேற்கே மரங்களுக்கு மேல் ஒரு பெரிய வெளிச்சம் தெரிந்தது. நட்சத்திரம் போல மினுக்கவில்லை. நாங்கள் நடந்தால் கூடவே வந்தது. 'கொள்ளிவாய்ப் பிசாசு' என்றார்கள். அதே வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். அந்த வெளிச்சம் பட்டதுதான் காரணம் என்று முதலில் மந்திரிக்கத் தூக்கிப் போனார்கள். கிளினிக்கிற்குப் போக இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. நல்ல வேளை, குழந்தை பிழைத்துக்கொண்டது.

புதிரை அவிழ்த்தவர் தோட்டத்தில் ஜாகா வேலை பார்த்த ஒரு தாத்தா. எங்களை லயத்துத் தூண் அருகே நிறுத்தி, "நடக்காதீங்க. தூணுக்கு நேரா வச்சுப் பாருங்க" என்றார். பார்த்தோம். வெளிச்சம் எங்கும் ஓடவில்லை. மெல்ல மெல்ல மேற்கே இறங்கி மறைந்தது. மறுநாளும் ஏறக்குறைய அதே நேரம், அதே இடம். "இது வெள்ளிம்மா. விடியக்காலையில வந்தா விடிவெள்ளின்னு சொல்றோம், சாயங்காலம் வந்தா பேய்னு சொல்றோம்" என்று சிரித்தார்.

தோட்டத்து மக்கள் அறியாமையில் பயந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். லடாக்கில் எல்லைக் காவலில் இருந்த இந்திய இராணுவத்தினர் 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, அடையாளம் தெரியாத வெளிச்சங்களை 329 முறை பதிவு செய்தார்கள். சீனாவின் ஆளில்லா உளவு விமானங்களோ என்று சந்தேகம். பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் கழகத்தை உதவிக்கு அழைத்தார்கள். தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தை நடத்துவதும் இதே கழகம்தான். நிபுணர்கள் ஆராய்ந்து சொன்ன விடை என்ன தெரியுமா? ஒன்று வெள்ளி, மற்றொன்று வியாழன்! இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டு நிற்கும் எல்லையில் அந்தத் தவறு எதில் போய் முடிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, ஆபத்தை வேடிக்கையாக நினைத்ததும் உண்டு. 2022 ஜூலை 31 பின்னிரவு 12.45 மணியளவில் சரவாக், கூச்சிங் வானத்தில் பல துண்டுகளாக நெருப்பு ஊர்ந்து போனது. "விண்கல் மழை" என்று ஒரு காணொளி வந்தது. நானும் பத்துப் பேருக்கு அனுப்பினேன். செய்தித் துறையில் இருக்கும் நானே விசாரிக்கவில்லை! உண்மையில் அது, ஜூலை 24ஆம் தேதி சீனா பாய்ச்சிய லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் எஞ்சிய பகுதி. ஏறத்தாழ 20 டன் எடை. நம் நாட்டு விண்வெளி நிறுவனமான மைசாவும் அதை உறுதிப்படுத்தியது. எரியாமல் மிஞ்சிய துண்டுகள் போர்னியோ தீவில் விழுந்து கிடந்தன. அத்தகைய உலோகத்தை யாரும் தொடக்கூடாது. போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எதை எப்படி அடையாளம் காண்பது? விண்கல் வினாடிக்கு 11 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் பாயும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வினாடியில் முடிந்துவிடும். சுற்றுப்பாதையிலிருந்து விழும் ராக்கெட் துண்டின் வேகம் 8 கிலோமீட்டருக்கும் குறைவு. அதனால் அரை நிமிடத்திற்கு மேலும் ஊர்ந்து, உடைந்து உடைந்து போகும். விமானமென்றால் சிவப்பு, பச்சை விளக்குகளும் கண் சிமிட்டும் வெள்ளை விளக்கும் இருக்கும். ஆனால் நம்மை நோக்கி நேராக வரும்போது ஒரே வெளிச்சமாக, அசையாமல் நிற்பது போலத் தோன்றும். எங்கள் ஊருக்குத் தெற்கே செனாய் விமான நிலையம், அதற்கும் தெற்கே சிங்கப்பூரின் சாங்கி. இந்த ஏமாற்றம் எங்களுக்குப் பழக்கம்.

சிமிட்டாமல் நான்கைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்தால் அது செயற்கைக்கோள். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் பாதி வழியில் அணைந்துபோகும். சரம் கோத்தது போல வரிசையாகப் போனால், 2019 மே மாதம் முதல் கூட்டம் கூட்டமாக ஏவப்பட்டு வரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களாக இருக்கலாம்.

நேயர்களே, இனி ஒரு வெளிச்சத்தைப் பார்த்தால் கைப்பேசியை எடுக்கும் முன் ஓர் இடத்தில் நில்லுங்கள். தூணோ மரமோ ஒன்றை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். மணி என்ன, எந்தத் திசை, எத்தனை வினாடி, சிமிட்டியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. தொடுவானிலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று அளந்து கொள்ளலாம். இந்த விவரம் இருந்தால் விடை கிடைக்கும். வெறும் படத்தை மட்டும் அனுப்பினால் வதந்திதான் கிடைக்கும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். அன்று அந்தத் தாத்தா முதல் நாளே தூணருகே நின்றிருந்தால், காய்ச்சலில் கிடந்த அந்தக் குழந்தைக்கு இரண்டு நாள் வீணாகியிருக்காது. விசாரிக்கத் தாமதித்தால் அதன் விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.