வேட்டைக்கும் ஒரு விதி உண்டு

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது 2004ஆம் ஆண்டு பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் இயக்கத்தில் வெளிவந்த 'ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்'. விமர்சகர்கள் பெரும்பாலும் கைவிட்ட படம் இது. ஏலியன் ரசிகர்கள் தங்கள் தெய்வத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்ட படமும் இதுதான். படத்தில் குறைகள் உண்டு, அவற்றையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இரண்டு அரக்கர்களை ஒரே திரையில் மோதவிடும் படங்களில், அந்த மோதலுக்கு ஒரு பொருள் வேண்டும் என்று யோசித்தவை மிகக் குறைவு. இந்தப் படம் யோசித்திருக்கிறது. அதன் விளம்பர வாசகம் எவர் வென்றாலும் தோற்பது மனிதர்தான் என்று அறிவித்தது. படத்தின் உள்ளே நடப்பது அதற்கு நேர்மாறானது. எவர் வெல்கிறார் என்பதில்தான் மனிதரின் உயிரே இருக்கிறது என்பதை அது காட்சி காட்சியாக நிறுவுகிறது. என் வாதம் இவ்வளவுதான்.

பணத்துக்காகச் சேர்த்து ஒட்டிய படம் என்பது முதல் குற்றச்சாட்டு. பணம் ஒரு காரணம்தான், யார் மறுத்தார்கள்? 1943இல் ஃபிராங்கன்ஸ்டைனின் படைப்பும் ஓநாய் மனிதனும் சந்தித்ததும் பணத்துக்காகத்தான். 1962இல் ஜப்பானின் டோஹோ நிறுவனம் கிங் காங்கையும் காட்ஜில்லாவையும் மோதவிட்டதும் அதே கணக்கில்தான். அந்தப் படத்தை ஜப்பானில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அரங்கில் பார்த்தார்கள். ஆனால் நம் படத்தின் விதை கணக்கர் மேசையில் முளைத்ததன்று. டார்க் ஹார்ஸ் என்ற காமிக்ஸ் பதிப்பகம் 1989லேயே இந்த இரு உயிர்களையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த 'பிரிடேட்டர் 2' படத்தின் முடிவில், வேட்டைக்காரனின் விண்கலத்துச் சுவரில் வரிசையாக மாட்டிய மண்டையோடுகளுக்கு நடுவே நீண்டு வளைந்த ஓர் ஏலியன் மண்டையோடு சில நொடிகள் தெரிந்து மறைந்தது. அந்தச் சில நொடிகளைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள். கேட்டது அவர்கள், கொடுத்தது நிறுவனம்.

இனி அந்த இருவரையும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 1979இல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஏலியன்' படத்து உயிருக்கு, ஸ்விட்சர்லாந்து ஓவியர் ஹெச். ஆர். கீகர் கொடுத்த உருவத்தில் கண்ணே தெரியாது. அது பார்ப்பதில்லை, பேரம் பேசுவதில்லை, இரங்குவதில்லை. அந்தப் படத்தின் இயந்திர மனிதன் ஆஷ் அதைப் போற்றுவதே அதற்கு மனசாட்சி என்ற தடை இல்லை என்பதற்காகத்தான். 1987இல் ஜான் மெக்டீர்னன் எடுத்த 'பிரிடேட்டர்' வேறு வகை. காட்டில் வரிசையாக வீரர்களைக் கொல்லும் அந்த வேட்டைக்காரன், கையில் ஆயுதம் இல்லாத பெண்ணைத் தொடுவதில்லை. கடைசிச் சண்டைக்கு வரும்போது தோளிலிருந்த பீரங்கியையும் முகமூடியையும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறான். இரண்டாம் படத்தில் பெண் அதிகாரி ஒருத்தியைப் பிடித்தவன், அவள் வயிற்றில் கரு இருப்பதைக் கண்டு விட்டுவிடுகிறான். புறநானூறு படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வராமல் இருக்காது. அம்பு தொடுக்கும் முன்னே பெண்டிரையும் பிணியுற்றோரையும் விலகச் சொல்லும் போர்முறையைப் பாடிய மொழி நம்முடையது. வேட்டைக்காரனின் விதி அந்த அளவு உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. விதி என்று ஒன்று அவனிடம் இருக்கிறது, ஏலியனிடம் அது இல்லை, இவ்வளவே.

ஆண்டர்சன் பிடித்துக்கொண்டது இந்த வேறுபாட்டைத்தான். அண்டார்டிகாவுக்கு வெகு வடக்கே உள்ள பூவே தீவில், 2000 அடி பனிக்கட்டிக்குக் கீழே ஒரு பிரமிடு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் சுவர்கள் இடம் மாறும். உள்ளே சிக்கிக்கொண்ட குழுவுக்குப் பணம் போட்டவர் சார்ல்ஸ் பிஷப் வேலண்ட் என்ற முதியவர், லான்ஸ் ஹென்ரிக்சன் ஏற்ற பாத்திரம். அவருடைய நுரையீரல் நோயில் அழிந்துகொண்டிருக்கிறது. வேட்டைக்காரன் அவரைப் பிடிக்கிறான். அவன் முகமூடியின் பார்வையில் அவருடைய மார்புக்கூடும் அதனுள்ளே கெட்டுப்போன நுரையீரலும் தெரிகின்றன. ஒரு கணம் நிற்கிறான், பிறகு அவரை விட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறான். சாகப்போகிறவரைக் கொல்வது வேட்டையாகாது. வேலண்டால் அதைத் தாங்க முடியவில்லை. தன்னை ஓர் ஆளாகவே மதிக்காமல் முதுகைக் காட்டிவிட்டானே என்று தீயை மூட்டி அவன்மேல் பாய்கிறார். அப்போதுதான் அவன் திரும்பிக் கொல்கிறான். வசனம் மிகக் குறைந்த அந்த ஒரு காட்சியில் வேட்டைக்காரனின் சட்டம் முழுக்கச் சொல்லப்பட்டுவிடுகிறது.

அந்தச் சட்டத்தைப் படித்தறிகிறவள் அலெக்ஸா வுட்ஸ். சனா லாத்தன் நடித்த இந்தப் பனிமலை வழிகாட்டி, பயணம் தொடங்கும்போதே குழுவினருக்கு மூன்று விதிகள் சொல்கிறாள்: யாரும் தனியே போகக்கூடாது, தொடர்பு அறுந்துபோகக்கூடாது, எதிர்பாராதது நடந்தால் யாரும் வீரம் காட்டக்கூடாது. முன்னரே, போதிய பயிற்சியில்லாத குழுவை அழைத்துப் போக மாட்டேன் என்று மறுத்துப் பார்த்தவள் அவள். விதியின் அருமை தெரிந்தவளுக்குத்தான் எதிரியிடமும் ஒரு விதி இருப்பது கண்ணில் படும். தங்கள் குழு எடுத்து வைத்திருப்பது வேட்டைக்காரர்களின் ஆயுதம் என்று புரிந்ததும் அதைத் தானே அவனிடம் திருப்பிக் கொடுக்கிறாள். அதன்பின் ஓர் ஏலியனைத் தன் கையாலேயே கொன்று காட்டுகிறாள். அவன் செத்த ஏலியனின் மண்டையோட்டை அவளுக்குக் கேடயமாக்குகிறான், வாலை ஈட்டியாக்குகிறான். அதன் அமில இரத்தத்தால் தன் நெற்றியில் இட்டுக்கொண்ட அதே அடையாளத்தை அவள் கன்னத்திலும் சுட்டு இடுகிறான். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. ஒரு சொல்லும் இல்லாமல் உடன்படிக்கை கையெழுத்தாகிவிடுகிறது.

இங்கே ஒரு கடுமையான கேள்வி எழும், அது நியாயமான கேள்வியும்கூட. அந்த வேட்டைக்காரர்கள் செய்வது என்ன? இளம் வேட்டைக்காரர்களின் பயிற்சிக்காக நூறாண்டுக்கு ஒருமுறை மனிதர்களைப் பலியிட்டு, அவர்கள் உடலுக்குள் ஏலியன்களை வளர்க்கிறார்கள். இதற்குப் பெயர் அறமா? இல்லை. அது கொடுமை, படமும் அதைக் கொடுமையாகவே காட்டுகிறது. ஆனால் கொடுமையானவனிடமும் ஒரு விதி இருந்தால் அதைப் படிக்கலாம், அதைப் பிடித்துக்கொண்டு அவனோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வரலாம். பசி மட்டுமே உள்ளதோடு என்ன ஒப்பந்தம் செய்வது? அலெக்ஸா வேட்டைக்காரனின் பக்கம் சேர்வது அவன் நல்லவன் என்பதால் அன்று. ஏலியன் ஒன்று மேலே ஏறி உலகத்துக்குள் புகுந்துவிட்டால் அதை நிறுத்த எந்தச் சொல்லும் உதவாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நல்லவர் கெட்டவர் என்று பிரித்து ஆடும் படங்களில் இந்த நுட்பம் எளிதில் கிடைக்காது.

ஏலியனைக் கூண்டில் வளர்த்த வேட்டைப் பன்றிபோல் ஆக்கிவிட்டார்கள் என்ற வருத்தத்தில் பாதி எனக்கும் உண்டு. 1979இல் பல மணி நேரம் எடுத்துக்கொண்ட பிறப்பு இங்கே நிமிடங்களில் முடிகிறது. கருவுக்குக் காத்திருக்கும் அந்த நடுக்கம் போய்விட்டது, அது பெரிய இழப்பு. இருந்தாலும் மூன்று இளம் வேட்டைக்காரர்களில் இருவரைக் கொல்வது, வலையின் வடு மண்டையில் பதிந்த ஒரே ஏலியன்தான் என்பதை மறந்துவிடக்கூடாது. வேட்டைக்காரன் வீசிய உலோகவலை அதன் தோலை அறுக்கிறது, வழிந்த அமிலமே வலையைத் தின்று அதை விடுவிக்கிறது. அடங்கிய மிருகம் அப்படிச் செய்யாது.

இரத்தம் போதாது என்பது ரசிகர்கள் அதிகம் சொல்லும் குறை. முந்தைய படங்களுக்கு அமெரிக்காவில் வயது வந்தோருக்கான சான்றிதழ் இருந்தது, இதற்கு பி.ஜி.-13. வெட்டு விழும் நேரத்தில் கேமரா வேறு பக்கம் திரும்பிக்கொள்வது உண்மைதான். ஆனால் இந்தக் குறையைச் சோதித்துப் பார்க்க நமக்கு 2007இல் வந்த இதன் தொடர்ச்சி 'ரெக்வியம்' இருக்கிறது. அதே இரு அரக்கர்கள், வயது வந்தோர் சான்றிதழ், வேண்டிய அளவு இரத்தம், மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு நேரும் கோரம்வரை எல்லாம் உண்டு. அந்த வேட்டைக்காரன் வழியில் வந்த காவலரின் தோலை உரித்துத் தொங்கவிடுகிறான். அவனுடைய விதியைப் படித்தறியும் மனிதர் ஒருவர்கூட அந்த ஊரில் இல்லை. இருட்டில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாமல் படம் ஓடி முடிகிறது. இதற்கு எதிரே 2022இல் வந்த 'பிரே' படத்தை வைத்துப் பாருங்கள். 1719ஆம் ஆண்டு, கொமான்சி இனத்துப் பெண் நாரு. வேட்டைக்காரன் எவரைத் தாக்குகிறான், எவரை விடுகிறான் என்று பொறுமையாகக் கவனித்தே அவனை வெல்கிறாள். இறுதியில் அவனுடைய பச்சை இரத்தத்தைத் தன் முகத்தில் பூசிக்கொண்டு அவள் நிற்கும்போது, அலெக்ஸாவின் கன்னத்து வடு ஞாபகம் வராத ரசிகர் உண்டா? 2025இன் 'பிரிடேட்டர்: பேட்லேண்ட்ஸ்' படமும் பி.ஜி.-13தான், அதைப் பெரும்பாலோர் பல் பிடுங்கிய படம் என்று தள்ளிவிடவில்லை.

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது வேறு. மனிதருக்குப் பிரமிடு கட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் இந்த வேட்டைக்காரர்கள் என்று படம் சொல்கிறது. எரிக் வான் டேனிக்கனின் நூல்கள் பரப்பிய எண்ணம் இது. கல்லை வெட்டி, இழுத்து, அடுக்கிய மனிதக் கைகளிடமிருந்து அந்த உழைப்பைப் பறித்து வானத்துக்குக் கொடுப்பதை, கதைக்காகத்தானே என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. அதிலும், ஒரு பெண் தன் புத்தியால் தப்பிக்கும் கதையில் இது இடம்பெற்றிருப்பது கூடுதல் வருத்தம். பிற்காலத்து ஏலியன் படங்களோடு கதை ஒட்டவில்லை என்ற குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2012இல் ரிட்லி ஸ்காட் 'புரோமிதியஸ்' எடுத்தபோது இந்தப் படத்தைக் கணக்கிலேயே கொள்ளவில்லை, அதனால் இரண்டில் எதுவும் கெட்டுப்போகவுமில்லை. இந்தக் கூட்டணியையே முதலில் நம்பாத ஜேம்ஸ் கேமரூன், படத்தைப் பார்த்த பிறகு அதுவரை வந்த ஐந்து ஏலியன் படங்களில் மூன்றாம் இடத்தை இதற்குக் கொடுத்தார். ஏலியன் வரிசையின் இரண்டாம் படத்தை எடுத்தவரின் மதிப்பீடு அது.

படத்தின் கடைசி நிமிடத்தில், அலெக்ஸாவோடு சேர்ந்து போராடிச் செத்த வேட்டைக்காரனின் மார்பைப் பிளந்துகொண்டு ஒரு கலப்பினக் குஞ்சு வெளியே வருகிறது. அடுத்த படத்துக்கான முன்பணம் அது. அடுத்த முறை பார்க்கும்போது அதற்குச் சற்று முன்னே நிறுத்திக்கொள்ளுங்கள். அரசி ஏலியன் கடலடியில் மூழ்கிவிட்டது. மறைந்திருந்த விண்கலம் வெளிப்படுகிறது. முதிய வேட்டைக்காரன் ஒருவன் இறங்கி வந்து, அலெக்ஸாவின் கன்னத்தில் இருக்கும் அடையாளத்தைப் பார்க்கிறான், தன் ஈட்டியை அவள் கையில் கொடுக்கிறான், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போகிறான். பனிவெளியில் அவள் மட்டும் நிற்கிறாள்.