தெளிந்த நீரும் தூய நீரும்



சிகாமட் வட்டாரத்தில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்கிறார். அவருடைய தந்தை செம்பனை ஆலைத் தொழிலாளி. அண்மையில் அவர் என்னைக் கண்டு, "சார், ஆலைக் கழிவுத் தண்ணியில என்ன கரைஞ்சிருக்குன்னு பாக்குறானாம். இதுக்கா இவ்வளவு படிப்பு?" என்று கவலையோடு கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு குவளை நீரில் மணலைப் போட்டால் அடியில் தங்கும். சீனியைப் போட்டால் கரைந்து மறையும். நீர் தெளிவாகத்தான் தெரியும். ஆனால் சீனி எங்கும் போய்விடவில்லை. அதுபோலவே செம்பனைப் பழத்தின் சத்துகள் ஆலைக் கழிவுநீரில் கரைந்து நிற்கின்றன. இவற்றைக் கரைந்த கரிமப் பொருள்கள் என்பார்கள்.

இவை நேரடியான நஞ்சு அல்ல. ஆனால் ஆற்றில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் இவற்றைத் தின்று பெருகும்; நீரிலுள்ள பிராணவாயுவையும் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சு முட்டிச் சாகும். நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு பிராணவாயு தேவைப்படும் என்பதைக் கொண்டே கழிவின் கடுமையை அளக்கிறார்கள். வீட்டுக் கழிவுநீரில் இது லிட்டருக்குச் சுமார் 200 முதல் 300 மில்லிகிராம். சுத்திகரிக்காத செம்பனை ஆலைக் கழிவுநீரிலோ சுமார் 25,000!

இதனால்தான் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1977இல் செம்பனை ஆலைகளுக்கு விதிகள் வந்தன. ஆற்றில் விடும் கழிவுநீருக்கு 1978இல் 5,000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு, படிப்படியாகக் குறைந்து 1984இல் 100 ஆயிற்று. ஆலையோரக் குளங்கள் இதற்காகவே. முதற் குளங்களில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களும், அடுத்தவற்றில் காற்றை நாடும் நுண்ணுயிர்களும் கழிவைத் தின்கின்றன.

ஆனாலும் கடைசிக் குளத்து நீர் தேநீர்போல் பழுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன முடியாத மிச்சம் அது. அதைத்தான் நம் மாணவர் ஆராய்கிறார். தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கைவிடச் சிறிய துளைகள் உள்ள வடிதாளில் நீரை வடிக்கிறார். வடிந்த நீரில் புற ஊதாக் கதிரைச் செலுத்துகிறார். கரைந்துள்ள சில பொருள்கள் தத்தமக்குரிய விதத்தில் ஒளிர்கின்றன. எது நீங்கியது, எது நின்றது என்பது அதனால் புலப்படுகிறது. நின்றது எதுவென்று தெரிந்தால்தானே நீக்க வழி தேடலாம்?

நம் சிகாமட் ஆறு மூவார் ஆற்றில் கலக்கிறது. இங்கே விடுவது கீழே வாழ்வோரைச் சேரும். ஆற்று நீரைக் குடிநீராக்கக் குளோரின் சேர்க்கும்போது, கரைந்த கரிமப் பொருள்களோடு அது சேர்ந்து வேண்டாத இரசாயனங்கள் உண்டாகலாம். கண்ணுக்குத் தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகிவிடாது.

பெற்றோர்களே, கழிவுநீர்க் குளங்களின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தால் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவியுங்கள். பிள்ளை படிக்கும் படிப்பின் பெயர் புரியவில்லை என்பதற்காக அதைத் தடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் கேட்ட அந்தத் தந்தை சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படின்னா சார், நாங்க விட்ட தண்ணியை என் மகன் சுத்தம் பண்ணப் பாக்குறான்" என்றார். ஆம், அதற்குத்தான் இவ்வளவு படிப்பு.