பணிவும் துணிவும்: அயல்நாடு சென்ற மாணவரின் சொல்

1935ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11ஆம் நாள். இலண்டன் மாநகரில் அரச வானியற் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. இருபத்துநான்கு வயதுடைய தமிழ் இளைஞர் ஒருவர் எழுந்து, தாம் நெடுநாள் உழைத்துக் கண்ட முடிவொன்றை அறிஞர் அவையின் முன் எடுத்துரைத்தார். வெண்குள்ளன் எனப்படும் விண்மீனின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டு. அது சூரியனின் திணிவைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு; அவ்வெல்லையைக் கடந்த விண்மீன் வெண்குள்ளனாக அமைதியுற மாட்டாது, மேலும் சுருங்கிச் செல்லும் என்பதே அம்முடிவு.

அவர் அமர்ந்ததும் எழுந்தவர் சேர் ஆதர் எடிங்டன். அக்காலத்து வானியலாருள் பெரும் புகழ் படைத்தவர். அவ்விளைஞரின் அறைக்குப் பன்முறை சென்று ஆராய்ச்சியின் போக்கைக் கேட்டறிந்தவர். எனினும், தாம் மறுத்துப் பேசப் போவதை முன்னர் ஒரு சொல்லாலும் உணர்த்தாதவர். அக்கோட்பாட்டின் அடிப்படையே பிழை என அவர் நகைச்சுவை ததும்பப் பேசினார். அவை சிரித்தது. மறுமொழி கூறும் வாய்ப்பு இளைஞருக்குக் கிட்டவில்லை.

அவ்விளைஞரே சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்று, 1930இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்குச் சென்றவர். அந்நிய மண்ணில், அந்நிய மொழியில், தம்மினும் மூத்த ஒருவரால் பலர் முன்னிலையில் குறை கூறப்பட்ட அவர் என்ன செய்தார்? அதனைப் பின்னர்க் காணலாம். முதற்கண், அவரைப் போல் கடல் கடந்து செல்லும் ஒவ்வொரு மாணவரும் சிறிய அளவிலேனும் சந்திக்கும் அந்த நிலையை ஆராய்தல் தகும்.

இரண்டாம் உலகப் போரின் பின் மாணவர் பரிமாற்றம் பெருகியது. 1946இல் அமெரிக்காவில் புல்பிரைட் திட்டம் பிறந்தது. 1951இல் கொழும்புத் திட்டம் செயற்படத் தொடங்கியது. ஐரோப்பாவில் 1987இல் எரஸ்மஸ் திட்டம் உருவாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் அயல்நாட்டுக் குடும்பங்களிற் சென்று தங்கிப் பயிலும் வழக்கமும் ஓங்கியது. இவ்வாறு செல்பவரின் மனநிலையைச் சுவேரே லீஸ்கோர் என்னும் நோர்வே அறிஞர் ஆராய்ந்து 1955இல் வெளியிட்டார். அமெரிக்கா சென்று திரும்பிய இருநூறு நோர்வேயரை வினவியதில், ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவரும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவரும் நன்கு இசைந்து வாழ்ந்தனர் என்றும், இடைப்பட்ட காலம் தங்கியோரே இடர்ப்பட்டனர் என்றும் அவர் கண்டார். புதுமையின் மகிழ்ச்சி தேய்ந்து, உண்மையான நட்பு இன்னும் வேரூன்றாத அந்த இடைக்காலத்திலேதான் சிறு குறைச்சொல்லும் முள்ளாகத் தைக்கின்றது.

தமிழ் மாணவருக்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. பெரியோர் கடிந்துரைக்கும்போது எதிர்மொழி கூறாது தலைகுனிந்து நிற்றல் அவர் பிறந்த வீட்டில் நற்பண்பு. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ உள்ள வகுப்பறையில் அதே மௌனம், கருத்தில்லாமை என்றோ மனத்தாங்கல் என்றோ பொருள்படும். ‘ஆம்’ என்பதற்கு அவர் தலையை இருபுறமும் மெல்ல அசைக்க, எதிரே இருப்பவர் அதனை ‘இல்லை’ எனக் கொள்கிறார். தமிழில் ‘தாருங்கள்’ என்னும் வினையீற்றிலேயே மரியாதை அடங்கிவிடும்; அதனையே ஆங்கிலத்தில் வேண்டுகோட் சொல் சேர்க்காது கூறினால் கட்டளையாக ஒலிக்கும். சோறு பரிமாறும் தாய்க்கு நன்றி கூறுவது தமிழ் வீட்டில் அந்நியம். மேனாட்டு வீட்டில் அதனைக் கூறாமை நன்றியின்மை. குறை கூறுபவர் எல்லாரும் பகைவர் அல்லர் என்பதற்கு இவையே சான்று.

ஓர் எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தி அமெரிக்கக் குடும்பமொன்றில் தங்கியிருப்பதாகக் கொள்ளலாம். ஒருநாள் வீட்டுத் தலைவி, “நீ எப்பொழுதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறாய். எங்களைப் பிடிக்கவில்லையா?” என்கிறாள். மாணவிக்கு முன்னே மூன்று வழிகள் உள்ளன. ஒன்றும் கூறாது அறைக்குட் சென்று அழுதுவிட்டு, வீட்டுக்குக் கண்ணீர்க் கடிதம் எழுதுதல் ஒரு வழி. “எங்கள் வழக்கம் தெரியாமல் குறை சொல்கிறீர்கள்” எனச் சீறுதல் மற்றொரு வழி. முதல் வழியில் அவளுக்கு நீதி கிடைப்பதில்லை; இரண்டாவதில் வீட்டாருக்கு நீதி கிடைப்பதில்லை.

மூன்றாவது வழியில் அவள் கூறும் விடை இது: “நான் அறையில் இருப்பது உங்களை வருத்தியதை இப்பொழுதுதான் அறிந்தேன். குடும்பத்தார் கூடியிருக்கும்போது இடையூறாகக் கூடாது என எண்ணியே விலகியிருந்தேன். இராப்போசனத்தின் பின் சிறிது நேரம் உங்களுடன் இருக்க விரும்புகிறேன். அதன்பின் படிப்பதற்கு எனக்குத் தனிமை வேண்டும்.” இவ்விடையில் பிறர் வருத்தத்தை ஒப்புக்கொள்ளுதல் உண்டு, தன் எண்ணத்தை விளக்குதல் உண்டு, தனக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்டலும் உண்டு. பிறர் மீது பழி இல்லை. தன் உரிமையை விட்டுக்கொடுத்தலும் இல்லை. ‘நீங்கள் இப்படிப்பட்டவர்கள்’ என்று தொடங்காது, ‘நான் இவ்வாறு உணர்கிறேன்’ என்று தொடங்குதல் நன்று என அமெரிக்க உளவியலாளர் தோமஸ் கோர்டன் கற்பித்ததும் இதனையே. 1970இல் அல்பேர்ட்டி, எம்மன்ஸ் என்னும் இருவர் எழுதிய நூலின் பின், அடங்கிப்போதலுக்கும் அடக்கியாளுதலுக்கும் இடைப்பட்ட இப்பேச்சு, பயின்று பெறத்தக்க திறன் எனப் பரவலாக ஏற்கப்பட்டது.

பயிற்சி எவ்வாறு? குறை கேட்டவுடன் விடை கூறவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அயல்மொழியிற் சினத்தோடு பேசுபவருக்குச் சொற்கள் கைகொடா. எண்ணியதொன்று, நாவில் வருவது வேறொன்று. ஆதலின், “இதைப் பற்றிச் சிந்தித்து நாளை விடை கூறலாமா?” எனக் காலம் கேட்டல் இழுக்கன்று. அன்றிரவே கூறவேண்டியதை மூன்று வாக்கியத்தில் எழுதி, தனிமையில் இருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தல் பெரிதும் உதவும்.

அடுத்தது, கேள்வி கேட்டல். “நூலில் உள்ளதையே திருப்பி எழுதியிருக்கிறீர், உம் கருத்து எங்கே?” எனப் பேராசிரியர் கட்டுரையின் ஓரத்திற் குறித்தால், அதனை அவமதிப்பாகக் கொள்ளவேண்டியதில்லை. அவர் மாணவரைச் சந்திக்கும் நேரத்திற் சென்று, “எந்தப் பகுதியில் என் கருத்தை எதிர்பார்த்தீர்கள்?” என வினவினால், குறைச்சொல் பாடமாக மாறும். குறையில் உண்மை இருப்பின் அதனை நேரே ஒப்புக்கொண்டு, இல்லாத பகுதியை மட்டும் மறுத்தல் வேண்டும். முழுவதையும் மறுப்பவரை எவரும் நம்பார். முழுவதையும் ஏற்பவரை எவரும் மதியார்.

இன்னொன்றையும் மறவாதிருத்தல் நன்று. நிறத்தையோ சமயத்தையோ இழித்துரைத்தலும், விருப்பமின்றித் தொடுதலும் கருத்து வேறுபாடு ஆகா; அவை தீங்கு. அங்கே நயமான விளக்கம் தேவையில்லை. “இதை நிறுத்துங்கள்” என உறுதியாகக் கூறி, அவ்விடம் விட்டகன்று, நாளும் நேரமும் குறித்து, திட்டத்தின் பொறுப்பாளரிடமோ கல்லூரி அதிகாரியிடமோ முறையிடல் வேண்டும். அச்சத்தால் வாயடைத்துப்போவோரும் உண்டு. அவர் பின்னர் முறையிட்டாலும் அது தாமதமன்று. பொறுமை என்னும் பெயரால் தீங்கைச் சுமக்குமாறு எந்த நாட்டு நாகரிகமும் கேட்பதில்லை. திருக்குறளில் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் இருப்பது போலவே அவையஞ்சாமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு.

இனிச் சந்திரசேகரின் கதைக்கு மீளலாம். அன்று அவர் மனம் நொந்தார், ஆயினும் வாளாவிருக்கவில்லை. கோப்பன்கேகனில் இருந்த ரோசன்பெல்ட் என்னும் நண்பருக்கு எழுதி, தம் முடிவைப் பௌதிக அறிஞரின் ஆய்வுக்கு உட்படுத்தினார். ரோசன்பெல்டும் நீல்ஸ் போரும் எடிங்டனின் வாதத்தில் பொருள் காணவில்லை. வொல்ப்காங் பௌலியும் அவ்வாறே கருதினார். ஆனால் அவர்களுள் எவரும் அதனை வெளிப்படையாக அறிவிக்க முன்வரவில்லை. அதே ஆண்டு பாரிசில் நடைபெற்ற மாநாட்டில் எடிங்டன் மீண்டும் மறுத்தபோது, தாம் விடை கூற இசைவு வேண்டினார் சந்திரசேகர், அது மறுக்கப்பட்டது. பேச்சுக்கு இடமில்லாத விடத்து அவர் எழுத்தாற் பேசினார். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் தம் நிலையை நிறுவினார். 1937இல் சிக்காக்கோ சர்வகலாசாலையிற் சேர்ந்து, 1939இல் விண்மீன்களின் அமைப்புப் பற்றிய பெருநூலில் அனைத்தையும் தொகுத்து வைத்துவிட்டு, வேறு துறைக்குச் சென்றார்.

அவர் தம் கொள்கையைக் கைவிட்டாரல்லர். எடிங்டனின் நட்பையும் கைவிட்டாரல்லர். போர்க்காலத்திலும் இருவரிடையே கடிதங்கள் சென்றன. 1944இல் எடிங்டன் மறைந்தபோது, சிக்காக்கோவில் அவரைப் போற்றி இரங்கலுரை ஆற்றினார். எடிங்டனின் நூற்றாண்டு வந்த 1982இல் கேம்பிரிட்ஜில் உரையாற்றியபோது, அவருடைய பெருமையையும் தமக்கும் அவருக்கும் நேர்ந்த மாறுபாட்டையும் ஒருங்கே எடுத்துக் கூறினார். அடுத்த ஆண்டு நோபெல் பரிசு சந்திரசேகரை வந்தடைந்தது.

அதற்கிடையே கழிந்த ஆண்டுகள் நாற்பத்தெட்டு. உறுதியோடு பேசினால் உடனே வெற்றி கிட்டும் என்று எந்த மாணவருக்கும் வாக்களிக்க இயலாது. கிட்டுவது வேறொன்று. உள்ளதை உள்ளவாறு, பிறரைப் புண்படுத்தாது கூறியவர், ஊர் திரும்பும் நாளில் விழுங்கிய சொற்களின் கசப்பையோ வீசிய சொற்களின் வெட்கத்தையோ பெட்டியிற் சுமந்து வரவேண்டியதில்லை. பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பும் பெற்றோர், கம்பளிச் சட்டையோடு இந்த ஒரு பயிற்சியையும் கொடுத்தனுப்புவாராக. அப்பயிற்சிக்கு ஏற்ற இடம் வீடுதான். ‘எனக்கு இது சரியெனத் தோன்றவில்லை’ என்று தந்தையிடம் பணிவோடு கூறப் பழகிய பிள்ளை, எந்த நாட்டு அவையிலும் அதனைக் கூறும்.