உலக முடிவும் ஒரு குண்டான் மாவும்

சங்கத்துக் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து 'இவர் எப்போ முடிப்பார்' என்று செல்பேசியில் மணி பார்க்கும் பிள்ளைகளே!

நான் பேச வந்தது உங்களுக்குத்தான். நேற்று நான் தங்கிய வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் புத்தக அலமாரியைப் பார்த்தேன். பாதிப் புத்தகங்களில் உலகம் அழிந்துகொண்டிருக்கிறது! போர், பஞ்சம், கொள்ளைநோய். நடுவில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தனியாக நிற்கிறாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. நம்மிடம் அம்புலிமாமா முடிந்தால் நேரே பொன்னியின் செல்வன்தான். இடையில் இருக்கும் வயதை யார் கண்டுகொண்டோம்?

நான் வடசென்னைத் திருவொற்றியூர்க்காரன். விடுமுறை நாட்களில் பக்கத்து எண்ணூர்ப் பிள்ளைகளுக்குக் கதை எழுதும் பட்டறை நடத்துகிறேன். ஒருநாள் சுசான் காலின்ஸ் 2008இல் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' கதையைச் சொன்னேன். பன்னிரண்டாம் மாவட்டம் நிலக்கரி வெட்டும். தலைநகரம் பளபளவென்று மின்னும். நாயகியின் அப்பா சுரங்க வெடிப்பில் செத்துப்போவார். "நம்ம ஊரு மாதிரிக்கீது சார்" என்றான் ஒரு பையன். விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த கொசஸ்தலையாற்றில் கையால் தடவி இறால் பிடித்தவரின் பேரன் அவன்.

அடுத்து மெக் ரோசாஃபின் 'ஹவ் ஐ லிவ் நவ்'. 2004இல் வந்த நாவல். இங்கிலாந்தில் ஒரு பண்ணை வீடு. நாயகியின் தாயுடைய சகோதரி ஆஸ்லோவுக்குப் புறப்பட்டுப் போனதும் போர் மூள்கிறது, பிள்ளைகள் தனியே மாட்டிக்கொள்கிறார்கள். அதே பையன் கையைத் தூக்கினான். "இன்னா சார், எல்லாக் கதையிலயும் பெரியவங்கள மொதல்லயே ஊருக்கு அனுப்பிச்சிடறாங்க?"

பேராசிரியர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பிள்ளை நாயகன் ஆக முடியாது என்பது அந்தக் கதைகளின் கணக்கு. எண்ணூரில் அந்தக் கணக்கு செல்லாது. எது வந்தாலும் ஆயா, அம்மா, இடுப்பில் ஒரு தம்பி, எல்லோரோடும் சேர்ந்துதான் ஓட வேண்டும்.

ஓடுவதும் எங்களுக்குப் புதிதில்லை. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டது. பாதிப் பட்டணம் மூட்டை கட்டியது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெயை மனிதர்கள் பக்கெட்டால் அள்ளினார்கள். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான், பக்கத்து மணலியில் ஏறத்தாழ 700 டன் அமோனியம் நைட்ரேட் ஐந்து வருடமாகக் கிடந்தது எங்களுக்கே தெரியவந்தது. அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரி ஏற்றினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய். தண்ணீர் நின்ற உயரத்துக்கு வீட்டுச் சுவரெல்லாம் கறுப்புக் கோடு. எங்கள் ஊரில் உலகம் ஒரே நாளில் முடிவதில்லை. தவணையில் முடிகிறது.

அந்தக் கோடு காயுமுன்னே அதே மாதம் 26. சுனாமி வந்த தேதி. பத்தொன்பது வருடம் கழித்து, நள்ளிரவை நெருங்கும் நேரம். கப்பலிலிருந்து திரவ அமோனியாவைக் கரைக்குக் கொண்டுவரும் கடலடிக் குழாய் ஒன்றைக் குளிரூட்டிக்கொண்டிருந்தபோது கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் ரோட்டுக்கு ஓடிவந்தார்கள்.

பட்டறையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதை ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அவளுடைய அம்மா காலையில் தெருமுனையில் இட்லிக்கடை போடுகிறவர். கதையில் வரும் பெண் தாவணித் துணியைக் குடத்து நீரில் நனைத்து ஆயாவின் மூக்கில் கட்டுகிறாள். ஆயா அதை அவிழ்த்து அவிழ்த்து "வெத்தலப் பை எங்கடீ" என்கிறாள். முட்டிவலிக்கார ஆயாவை யார் வண்டியிலோ ஏற்றிவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு இவர்கள் நடக்கிறார்கள். அண்டசராசரமும் நடுங்கும் வரி ஒன்றுகூட இல்லை. தம்பியின் ஒற்றைச் செருப்பு வழியில் விழுந்ததற்கு மட்டும் நான்கு வரி.

விடிந்ததும் திரும்புகிறார்கள். முந்தின நாள் ஆட்டி வைத்த மாவு பொங்கி, குண்டான் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருக்கிறது. அம்மா மூடியை எடுத்து மோந்து பார்க்கிறாள். கொட்டினால் அன்றைய முதல் போச்சு. ஊற்றினால் நாலு பேர் வயிற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். புளிப்பு வாடையா, அந்த வாடையா?

அதோடு கதை நிற்கிறது. மற்ற பிள்ளைகளுக்குள் சண்டையே வந்துவிட்டது. கொட்டத்தான் வேண்டும் என்று ஒரு கட்சி. மூடியிருந்த மாவில் எப்படி ஏறும் என்று இன்னொரு கட்சி.

"ஏம்மா, இங்க நிறுத்திட்ட?" என்று கேட்டேன்.

"அம்மாவ கேட்டுட்டுதான் சார் எழுதணும்" என்றாள்.