“கவர்மென்ட் ஆபீஸ்ல இஎஸ்ஐ கிடையாதும்மா!” – இது பாதி உண்மை

(ஸ்ரீரங்கம் பகுதிக் கூட்டத்தில் ஐடி விங் சார்பில் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)



எங்க தெருவுல ஒரு அக்கா. ஓர் அரசு அலுவலகத்துல, ஏஜென்சி மூலமா துப்புரவு வேலை. மாடிப்படி கழுவும்போது வழுக்கி விழுந்து கை முறிஞ்சது. ஒன்றரை மாசம் வேலையும் இல்ல, சம்பளமும் இல்ல. இஎஸ்ஐ இருக்கான்னு கேட்டதுக்கு ஏஜென்சிக்காரர் சொன்ன பதில்தான் மேல இருக்கிற தலைப்பு.

அக்கா நம்பிட்டாங்க. பாதி உண்மைங்கறதால யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வோம்.

முதல்ல அந்தப் பாதியைப் பார்ப்போம். இஎஸ்ஐ யாருக்குக் கிடையாது?

🔹 முப்படை வீரர்கள். 1948-ல வந்த இஎஸ்ஐ சட்டமே அவங்களை விலக்கி வெச்சது.

🔹 இஎஸ்ஐக்குச் சமமான, இல்ல அதைவிட மேலான சலுகை ஏற்கெனவே கிடைக்கிற அரசுத் தொழிற்சாலைப் பணியாளர்கள்.

🔹 மாசச் சம்பளம் ரூ.21,000-ஐத் தாண்டினவங்க. மாற்றுத்திறனாளிகளுக்கு ரூ.25,000.

நம்ம ஊரையே பாருங்க. பொன்மலை ரயில்வே பணிமனை ஊழியருக்கு அங்கேயே ரயில்வே மருத்துவமனை. பெல் நிரந்தரப் பணியாளருக்குக் கைலாசபுரத்துல சொந்த மருத்துவமனை. மாநில அரசு ஊழியருக்கு மாசம் ரூ.300 பிடிச்சு, ரூ.5 லட்சம் வரைக்கும் மருத்துவக் காப்பீடுன்னு 2021-ல திட்டம் போட்டாங்க. இவங்களுக்கு இஎஸ்ஐ இல்லாததுல நஷ்டம் இல்ல. வேற பாதுகாப்பு கையில இருக்கு.

இப்ப அக்கா விஷயத்துக்கு வருவோம். இந்த மூணு வரிசையில அவங்க எங்க இருக்காங்க? எதுலயும் இல்ல! நிரந்தர ஊழியரோட காப்பீடும் இல்ல, ஏஜென்சி இஎஸ்ஐயும் கட்டல. ரெண்டு பக்கமும் கதவைச் சாத்திட்டாங்க.

சட்டம் அப்படிச் சொல்லல. 10 பேர் வேலை செய்யற ஏஜென்சின்னாலே அவங்களுக்கு இஎஸ்ஐ கட்டணும். மாநகராட்சி, நகராட்சிகள்ல இருக்கிற ஒப்பந்த, தற்காலிகப் பணியாளர்களையும் இஎஸ்ஐக்குள்ள கொண்டுவரணும்னு 2021-லயே ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் முடிவெடுத்தது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் கலைஞ்ச மறுநாள் விடியக்காலையில உத்திர வீதியும் சித்திரை வீதியும் கூட்டறாங்களே, அந்த மாதிரி கைகளுக்காக எடுத்த முடிவு அது.

செலவு எவ்வளவு? ரூ.16,000 சம்பளம்னா தொழிலாளி பங்கு 0.75%, அதாவது ரூ.120. முதலாளி பங்கு 3.25%, ரூ.520. அந்த 520-ஐ மிச்சம் பிடிக்கத்தான் “கவர்மென்ட் ஆபீஸுக்குக் கிடையாது”ங்கற கதை.

அதனால இழக்கறது என்ன தெரியுமா? வேலையில அடிபட்டா குணமாகற வரைக்கும் சம்பளத்துல 90%. நோய்னா 70%, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். பிரசவத்துக்கு 26 வாரம். வேலையில உயிர் போனா குடும்பத்துக்கு மாசாமாசம் உதவித்தொகை. அக்காவுக்கு அந்த ஒன்றரை மாசமும் 90% வந்திருக்கணும்!

நீங்க செய்ய வேண்டியது மூணே மூணு:

1️⃣ சம்பளச் சீட்டுல இஎஸ்ஐ பிடித்தம் இருக்கான்னு பாருங்க.
2️⃣ இருந்தா, 10 இலக்கக் காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்க. பணம் பிடிச்சுட்டு எண் தரலைன்னா, கட்டாம இருக்கலாம்னு சந்தேகப்படுங்க.
3️⃣ இஎஸ்ஐ நிறுவனத்தோட கட்டணமில்லா எண் 1800-11-2526. புகார் கொடுங்க.

இன்னொண்ணு. ஒப்பந்ததாரர் கட்டலைன்னா, வேலை வாங்கற முதன்மை முதலாளிதான் முதல்ல கட்டணும். 1948 சட்டத்துல இருந்த இந்தப் பொறுப்பு, 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. அதனால “ஏஜென்சியைப் போய்க் கேளு”ன்னு அரசு அலுவலகமும் கைகழுவ முடியாது.

நம்மள்ல நிறைய பேர் படிச்சவங்க, சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிஞ்சவங்க. இந்த வாரம் உங்க தெருவுல ஒப்பந்த வேலைக்குப் போற ஒருத்தரோட சீட்டை வாங்கிப் பாருங்க. அடிபட்டதுக்கு அப்புறம் இல்ல, இப்பவே.



#இஎஸ்ஐ_நம்_உரிமை