பழைய மெட்டு, புதிய பெட்டி

(மேல்மலையனூர் பட்டிமன்றம். தலைப்பு: பழைய படைப்பைப் புதுப்பித்துத் தருவது ரசனைக்கு விருந்தா? வெறும் வியாபாரமா? 'ரசனைக்கு விருந்தே' அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே! அங்காளம்மன் குடியிருக்கும் இந்த ஊரில் திரண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்த தம்பிமார்களே!

எதிரணித் தங்கை ஒரு கேள்வி கேட்டார். "முப்பது வருஷத்துக்கு முந்தின வீடியோ கேமைத் துடைச்சுப் பளபளன்னு ஆக்கி மறுபடியும் விக்கிறான். நரைச்ச தலையெல்லாம் வாங்கி விளையாடுது. இது ரசனையா?"ன்னு கேட்டார். கேட்டுட்டு என் தலையைத்தான் பார்த்தார். (சிரிப்பு)

நரைத்த தலையே பதில் சொல்கிறேன். 1993 டிசம்பரில் அமெரிக்காவில் இட் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 'டூம்' என்றொரு விளையாட்டை வெளியிட்டது. செவ்வாய் கிரகத்தைச் சுற்றும் நிலாக்களில் நரகத்து அசுரர்கள் புகுந்துவிடுகிறார்கள். ஒற்றை ஆள் துப்பாக்கியோடு போய் அவர்களை அழிக்கிறான். நம்ம ஊரில் செவ்வாய் தோஷம்னா கல்யாணம் தள்ளிப்போகும். அங்கே அசுரனே வந்துடறான்! (சிரிப்பு)

தாய்மார்கள் முகத்தில் கவலை தெரிகிறது. நியாயம்தான். இது சின்னப் பிள்ளைகளுக்கு உரியதல்ல. அமெரிக்காவில் இதற்குத் தந்திருக்கும் தரக்குறியே பதினேழு வயதுக்கு மேல் என்பதுதான். நான் இங்கே துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பின்னால் ஒலித்ததே இசை, அதற்காக வந்திருக்கிறேன்.

அந்த இசையை அமைத்தவர் பாபி பிரின்ஸ். அந்த விளையாட்டு சில ஃபிளாப்பிகளுக்குள் அடங்கியது. பாட்டை அப்படியே பதிவு செய்து வைக்க அதில் இடம் ஏது? அதனால் எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எந்த வாத்தியம் என்கிற குறிப்பை மட்டும் எழுதி வைத்தார்கள். வாசிப்பது அவரவர் கம்ப்யூட்டரில் இருக்கும் சவுண்ட் கார்டின் வேலை. ஆக, ஒரே மெட்டு ஒரு வீட்டில் கனத்து ஒலிக்கும், பக்கத்து வீட்டில் பொம்மைப் பியானோ மாதிரி ஒலிக்கும்!

இது உங்களுக்குப் புதுசா? நம்ம பக்கத்துத் தெருக்கூத்தில் என்ன நடக்குது? கதை ஒண்ணு, பாட்டு ஒண்ணு. ஆனா இந்த ஜமா வாசிக்கிற முகவீணை வேற, அந்த ஜமாவோட முகவீணை வேற. "எங்க ஊர் வாத்தியார் பாடினாத்தான் அது பாட்டு"ன்னு சண்டை போடுறோமா இல்லையா? (கைதட்டல்) அதே சண்டைதான் டூம் ரசிகர்களுக்குள்ளும்.

2024 ஆகஸ்டில் டூமின் முதல் இரண்டு பாகங்களும் புதிய பதிப்பாக வந்தன. ஆண்ட்ரூ ஹல்ஷுல்ட் என்ற இசைக் கலைஞர் அந்தப் பழைய மெட்டுகளையே கிதார் அதிர மறுபடி வாசித்துக் கொடுத்திருக்கிறார். பழையதைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. பழைய இசையும் அதிலேயே இருக்கிறது. எது வேண்டும் என்று கேட்கிறவன் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வெறும் வியாபாரம் என்றாரே தங்கை, ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கடைகளில் முன்பே அதை வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் புதுப் பதிப்பு இலவசமாகவே வந்தது. பழைய புடவையைக் கொடுத்தா புதுப் புடவை சும்மா தர்ற ஜவுளிக்கடை எங்கேயாவது இருந்தா சொல்லுங்க, நான் வீட்டம்மாவோட வந்துடறேன். (சிரிப்பு)

என் பையன் காலேஜ் படிக்கிறான். புது இசையை வைத்து ஆடிக்கொண்டிருந்தான். "கொஞ்சம் பழசுக்கு மாத்துடா"ன்னேன். மாத்தினான். ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "அப்பா, இவ்வளவு சின்ன சத்தத்தை வச்சுக்கிட்டா உங்களைப் பயமுறுத்தினாங்க?"ன்னான். அவன் கேலி பண்ணலை நடுவர் அவர்களே, ஆச்சரியப்பட்டான். பழசும் புதுசும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் அந்த ஆச்சரியம் வந்தது.

புதுப்பிக்காமல் விட்டால் என்ன ஆகும்? அதே நிறுவனம் 1996இல் 'க்வேக்' என்ற விளையாட்டை வெளியிட்டது. இசை ட்ரெண்ட் ரெஸ்னர். பாட்டெல்லாம் அதே சிடியில்தான் இருந்தது. அந்தச் சிடியைப் பாட்டுப் பெட்டியில் போட்டால் பாடும்! பிறகு சிடி இல்லாமல் இணையத்தில் விற்கிற காலம் வந்தது. விளையாட்டு வந்தது, இசை வரவில்லை. துப்பாக்கிச் சத்தம் இருக்கிறது, உயிர் இல்லை. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இல்லாமல் 'கர்ணன்' படம் பார்க்கிற மாதிரி! 2021 ஆகஸ்டில் வந்த புதிய பதிப்பில்தான் அந்த இசை மறுபடி வந்து சேர்ந்தது. தொலைந்ததைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். இதுவா வெறும் வியாபாரம்?

கர்ணன் என்றதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். பந்துலு இயக்கி, சிவாஜி நடித்து 1964 பொங்கலுக்கு வந்த படம். 2012இல் படத்தையும் ஒலியையும் சீர்செய்து திரையிட்டார்கள். நூறு நாளைத் தாண்டி ஓடியது. கதை தெரியாமலா போனோம்? இந்தச் சுற்றுவட்டாரத்தில் விடிய விடியக் கர்ண மோட்சம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கர்ணன் சாவான் என்று தெரியும். தெரிந்தும் விடிகாலையில் அழுகிறோம். முடிவு தெரிந்த ஒன்றைத் தேடிப் போகிறோமே, அதற்குப் பெயர்தான் நடுவர் அவர்களே, ரசனை! (பலத்த கைதட்டல்)

1931இல் வந்த 'காளிதாஸ்', தமிழின் முதல் பேசும்படம். இன்று பார்க்க ஒரு பிரதி நம்மிடம் இல்லை. முதன்முதலாகத் தமிழ் பேசிய திரையை நம் பிள்ளைகளுக்குக் காட்ட முடியவில்லை. அதைக் காப்பாற்றி எவனாவது ஒரு வியாபாரி காசு பார்த்திருந்தால்கூட நான் அவனைக் கும்பிட்டிருப்பேன்.

எதிரணி நண்பர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். புதுப்பிக்கிறேன் என்று கெடுப்பவர்களும் உண்டு. கோயில் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தால், அழுக்கோடு கல்வெட்டு எழுத்தும் தேய்ந்து போகும். அது திருப்பணி இல்லை, திருட்டுப் பணி! (கைதட்டல்) பக்கத்தில் இருக்கிறது நம்ம செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ராஜகிரிக்கு டைல்ஸ் ஒட்டினதுக்கா அந்தப் பெருமை கிடைத்தது? ராஜா தேசிங்கு நின்ற கோட்டை கோட்டையாகவே நிற்கிறது, அதற்காகத்தான். விழாமல் தாங்கு, முகத்தை மாற்றாதே. புதுப்பிக்கிற எவனுக்கும் இதுதான் சட்டம்.

பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கிறோம். அதற்காகப் பாட்டியை வீட்டை விட்டு அனுப்பிவிடுவோமா? இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தால்தான் அழகு. பழைய மெட்டும் புதிய மெட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கட்டும், கேட்கிற காது முடிவு செய்துகொள்ளட்டும். அப்படிப் புதுப்பித்துத் தருவது ரசனைக்கு விருந்தே, விருந்தே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.